டொக்டர் தமிழில் சொன்ன விவேகம்

என் கணவருக்கு வந்தது லேசான மாரடைப்புதான் என்று சொல்லி வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழிலேயே பேசினார்.

"ஐயாவுக்கு விவேகம் வேணும். வீட்டுக்குப் போய் நல்லா விவேகம் எடுங்க. இல்லாட்டி திரும்ப இங்கதான்."

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். கண்டியில் பாத்திரக்கடை நடத்தும் இவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. சிங்களத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. மரியாதைக்காகத் தமிழில் சொன்னார், வினை அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் த்ரீவீலர் வாவிக்கரையைச் சுற்றி முடித்தது. இவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"கேட்டியா? எனக்கு விவேகம் இல்லையாம்."

"ஓய்வு எடுக்கச் சொல்றாருங்க."

"தமிழ்லதானே சொன்னாரு?"

"சொன்னது தமிழ்ல. விவேகம் சிங்களம்."

"என் காதுல தமிழ்தான் விழுந்துச்சு."

மனம் புண்பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் அந்தத் தமிழ் அர்த்தம் இவருக்கு வசதி என்று தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"படுத்துக் கிடக்கவா சொன்னாரு? புத்தியா நடந்துக்கச் சொன்னாரு. சித்திரை வியாபாரம் வர்ற நேரத்துல புத்தியுள்ளவன் எவனாவது வீட்டுல இருப்பானா?"

கடையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஆனால் மேல்தட்டில் எந்த அண்டா எங்கே இருக்கிறது என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்பது இவருடைய நம்பிக்கை. ஏணியில் ஏறி இறக்குவதும் இவரேதான். மாரடைப்பு இன்னொரு முறை வந்தால் லேசாக இருக்காது என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதைச் சிங்களத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார்.

சட்டையைக் கழற்ற வைத்தேன். மாநகர சபையில் எனக்கு மிச்சமிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, இவருடைய ஓய்வை முறைப்படி நடத்த ஆரம்பித்தேன். அலுமாரிக் கதவில் ஒரு நேரசூசி ஒட்டினேன். மருந்து, கஞ்சி, ஓய்வு, முற்றத்தில் மெதுநடை, மறுபடி ஓய்வு. ஒருநாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி, ஓய்வு நேரம் தொடங்கிவிட்டது என்று அறிவித்தேன்.

"தூங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"அது நேரத்துக்கு முந்தின தூக்கம்."

"வார்டே பரவாயில்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இவர் படுத்திருக்கும் நேரத்தில் சமைத்தேன்; எழுந்திருக்கும் நேரத்தில் காவல் இருந்தேன்; இவரைப் பார்க்க வந்து, ஓய்வின் அருமையை மணிக்கணக்காக விளக்குகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

அப்படி வந்தவர்களில் எங்கள் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை நானாவும் ஒருவர். அக்குறணை முஸ்லிம்; கடைத்தெருவில் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். தோடம்பழப் பையை என்னிடம் நீட்டிவிட்டு, இவர் மனம் குளிரட்டும் என்று சொன்னார்:

"மொதலாளி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ஒங்கட கடை நல்லா ஓடிக்கிட்டு ஈக்கி. ஒங்கள யாரும் தேடுறதே இல்ல."

அவர் போனபின் இவர் கஞ்சியைத் தொடவில்லை. "என்னைத் தேடவே இல்லையாம்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மதியம் கட்டிலருகே கதிரையைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தவள், அப்படியே உறங்கிப் போனேன். விழித்தபோது கட்டில் காலி. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏணிதான் கண்முன் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளில் ஓடினேன். த்ரீவீலர் எதுவும் நிற்கவில்லை. மழைத் தூறலில், குடையுமில்லாமல், டவுன்வரை பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனேன்.

இவர் தன் கடை வாசலில், வாடிக்கையாளருக்குப் போடும் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நானா குறுக்கே நின்றிருந்தார்.

"பயப்படாதீங்க தங்கச்சி, ஏணிக்கிட்டயே விடல்ல. கஸ்டமரா ஒக்காந்து ஈக்கிறதெண்டா ஈங்க எண்டுட்டன்."

உள்ளே பையன் ஒருவன், கேட்ட அண்டாவை ஒரே தடவையில் சரியாக எடுத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினான். இவர் அதைப் பார்த்த பார்வையைக் கண்டபின் எனக்குத் திட்ட மனம் வரவில்லை. திட்ட மூச்சும் இல்லை.

இவர்தான் என்னைத் திட்டினார். "ஏன் இப்படி ஓடி வர்றே? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. மொதல்ல உக்காரு." எழுந்து கதிரையை எனக்குக் கொடுத்தார்.

திரும்பும்போது த்ரீவீலர் படிகளின் அடியில் இறக்கிவிட்டது. இனி வீடுவரை ஏற்றம். இறங்கிப் போனவர் ஏறவும் வேண்டுமே என்று இவர் யோசித்திருக்கவில்லை. முதல் வளைவிலேயே இவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. நில்லுங்கள் என்று சொன்னால் நிற்கிறவர் அல்ல. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு முடியலைங்க. கொஞ்சம் நில்லுங்க."

"பார்த்தியா, சொன்னா கேக்குறியா?" என்று உடனே நின்றார். சந்தோஷமாகவே நின்றார். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு முடியாமல் போனது. அதில் பாதி பொய்.

மறுநாள் மதியம் தானாகவே வந்து, "நீ படு. தனியா விட்டா எந்திரிச்சு ஏதாவது செய்வே" என்று சொல்லி என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அலுமாரிக் கதவில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். சாயந்தரம் பார்க்க வந்தவர்களிடம் இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது குசினியில் அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. இவளுக்குத்தான் முடியல. கடைக்குக்கூடப் போகாம கூடவே இருந்து பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவர்களுக்கு நாலு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, நோயாளியான நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.