வாழை நிழலில் புழுப்பெட்டி

என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் உயிர். சாப்பிடுகிற மீன் இல்லை; ஜாடிக்கு ஒன்றாக விட்டு வளர்க்கிற சண்டை மீன். கல்யாணமாகி, மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு நான் வந்தபோது, சட்டி பானை வைக்க இடமில்லாமல் பலகை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள் நின்றன.

அந்த மீன்களுக்கு நெளிகிற தீனிதான் பிடிக்கும். முன்பெல்லாம் ஓடையில் கொசுப்புழு அள்ளிவந்து போடுவாராம். வெள்ளைக்கார அரசாங்கம் அவசர காலம் அறிவித்தபோது லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஓடை வேலிக்கு வெளியே போய்விட்டது. உள்ளே இருந்த சாக்கடைகளில் மலேரியாவுக்காக எண்ணெய் அடித்தார்கள், ஒரு கொசுப்புழு மிஞ்சவில்லை. கடைசியில் ரந்தாவில் மீன் விற்ற சீனர் ஒருவர் கைப்பிடி மண்ணில் வெள்ளைப் புழுக்களைக் கொடுத்து, வளர்க்கும் விதத்தையும் சொல்லியனுப்பினார்.

வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டது போல இருக்கும். ஒரு பலகைப் பெட்டியில் ஈரமண் நிரப்பி, நடுவில் குழி பறித்து, பிசைந்த சோறு கொஞ்சம் வைத்து, கண்ணாடித் துண்டால் மூட வேண்டும். மறுநாள் கண்ணாடியின் அடியில் புழுக்கள் அப்பிக்கொண்டிருக்கும். அதை ஜாடியில் அலசினால் போதும். என் வீட்டுக்காரருக்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் அடுப்பெரிக்கும் வேலை. இருட்டோடு கிளம்பிவிடுவார் என்பதால் புழு பார்ப்பது என் வேலையானது. முதலில் குமட்டியது. பிறகு பிடித்துப் போனது. புழுக்கள் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. மனிதர்களோடு பேச எனக்கு அப்போது அவ்வளவு கூச்சம்.

தகரக் கூரையின் சூட்டில் புழுக்கள் சாக ஆரம்பித்ததால், பெட்டியைப் பின்பக்கத்து வாழை நிழலுக்கு மாற்றினோம். குளிக்கிற தண்ணீர் அங்கேதான் ஓடும், மண் எப்போதும் குளுகுளு என்றிருக்கும். வாழைக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் வேலி. எங்கள் இருவருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் சிரிப்பு. "ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில நிக்குது, இவ புழுவுக்குப் பந்தி போடுறா லா!"

காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேலியும் ரேஷனும். வேலைக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம்கூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. வேலியோரம் சோறு வைத்ததாகச் சந்தேகம் வந்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அடுத்த லயத்திலிருந்து அப்படிப் போன ஒருவர் அப்போது திரும்பியிருக்கவில்லை.

ஒருநாள் காலையில் போலீஸ் வந்தது. இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், வாழையடியில் பெட்டியைக் கண்டார்கள். வேலியோரம், மண்ணுக்குள் சோறு! பெட்டியை வெயிலில் இழுத்துப்போட்டு, புகைவீட்டிலிருந்து அவரை அழைத்துவந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். மலாய் இன்ஸ்பெக்டர் கேட்டதை எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்.

"யாருக்கு வச்ச சோறுன்னு கேக்கறாரு."

"புழுவுக்குங்க ஐயா."

கிராணிக்கு அதை மலாயில் சொல்லவே வாய் வரவில்லை. "ஏய், விளையாடற நேரமா இது? ஒழுங்கா சொல்லு."

"சத்தியமாங்க ஐயா. மீனுக்குப் புழு, புழுவுக்குச் சோறு."

"அப்ப உனக்கு என்னடா?" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குனிந்து கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். ஒரு புழு இல்லை. வெறும் சோறு. வெயில் பட்டதும் எல்லாம் அடிமண்ணுக்கு இறங்கிவிட்டிருந்தன. இரண்டு போலீஸ்காரர்கள் அவர் கைகளைப் பிடித்து லாரிப் பக்கம் திருப்பினார்கள்.

புழு கீழே இருக்கிறது என்று கத்த நினைத்தேன். கத்தாமல் பலகையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு அத்தனை ஆண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, பெட்டியின் மூலையில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்தேன். உடைத்து, உள்ளங்கையை இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினேன். மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு பந்து பிரிந்து நெளிந்தது. விரலால் கொஞ்சம் வழித்து ஜாடியில் உதறினேன். மீன் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்தது.

"சாச்சிங்!" என்றார் இன்ஸ்பெக்டர். மலாயில் புழு என்று அர்த்தம். ஜாடிக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பிடித்திருந்த போலீஸ்காரர்களும் கையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். இன்னும் போடு என்று ஒருவன் சைகை காட்டினான்.

இன்ஸ்பெக்டர் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணியின் முகம் அப்போதுதான் இளகியது. "பெட்டிய வீட்டுக்குள்ள வச்சுக்கணுமாம். இனிமே வேலிப்பக்கம் ஒரு பருக்கை கெடந்தாலும் மீனையும் சேத்து லாரியில ஏத்திருவாராம்."

லாரி போனது. அவர் பெட்டியைத் தூக்கிவந்து தண்ணீர்ப் பானைக்கு அடியில், கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்த இடத்தில் வைத்தார். படியில் உட்கார்ந்து, "ஏ புள்ள, தண்ணி" என்றார். நான் கொடுத்ததில் பாதி அவர் சட்டையில் கொட்டியது.

அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடி ஊமச்சி! வாயே தொறக்காம புருஷன மீட்டுட்டியேடி!"

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு திடீரென்று, "ஐயோ, அடுப்பு அணஞ்சிரும்" என்று எழுந்து புகைவீட்டுக்கு ஓடினார். வேலைக்குப் போகிற ஒரு மனிதரை வாசலில் நின்று பார்ப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.