சஹாப்தீன் நானா எழுதிக் கொடுத்த தாள்

நாவுலையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய ஒருவர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "நம்ம சஹாப்தீன் நானா மௌத்தாகிட்டாருங்க." நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

பஸ்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன், மாத்தளைக் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர். எது பழுதானாலும், "யாரு செஞ்சதுன்னு பொறகு பார்ப்போம். எங்க தொடங்கிச்சு? அதுக்கு முந்தி என்ன மாறிச்சு?" என்றுதான் கேட்பார்.

ஒரு வருஷம் பிரேக் பழுதுகள் கூடின. டிரைவர் சொல்லும் ஒவ்வொரு புகாரும் யார் யார் கை மாறிப் பட்டறைக்கு வருகிறது என்று மூன்று வாரம் பின்தொடர்ந்து பார்த்தார். டிரைவர் மாலையில் காரியாலயத்தில் எழுதிக் கொடுப்பது மறுநாள் பத்து மணிக்குத்தான் பட்டறைக்கு வந்தது. அதற்குள் அந்த பஸ் ஒரு நடை போய் வந்துவிடும். புகார் உள்ள பஸ்ஸின் சாவி, பழுது திருத்தும் பிட்டர் பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை பட்டறையில் இருக்க வேண்டும் என்று எழுதி, மானேஜரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் அங்கே கிளார்க்.

அந்த வாரம் மானேஜர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். நாலு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு மறந்துபோனேன்.

அடுத்த மாதம் இரத்தோட்டை இறக்கத்தில் ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்தது. தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். டிரைவர் முதல்நாள் மாலையே புகார் எழுதியிருந்தார். அதைக் கண்ணால்கூடப் பார்க்காத பிட்டர் முருகையாவை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நானா என் மேசைக்கு வந்தார். "கிளாக்கர், நான் தந்த தாள் எங்க நின்னுச்சு?"

லாச்சியைத் திறந்தேன். தாள் அங்கேயே கிடந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மானேஜருக்கு எழுதுற ரிப்போட்டுல உங்க பேர எழுத மாட்டேன். ஒரே ஒரு ஆள நம்பித் தாள அனுப்பிட்டு, போய்ச் சேர்ந்துச்சான்னு நான் கேக்கல. அது என் பிழை. அதத்தான் எழுதப் போறேன்."

அப்படியே எழுதினார். முருகையா மேல் குற்றமில்லை என்றும் எழுதினார். மானேஜர் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வாரமே, நானா கேட்டிருந்தபடி, புகார் உள்ள பஸ்களின் சாவிகள் பட்டறைக்குப் போயின. முருகையாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. நான் வாய் திறக்கவில்லை. பென்ஷன் வரை அதே நாற்காலியில் இருந்தேன். நானா கடைசிவரை நாவுலையில் தண்ணீர் பம்பு திருத்திப் பிழைத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் எழுதாமல் விட்ட என் பெயர்தான். அந்தத் தாளை நிறுத்தி வைத்தவன் கிளார்க் சுப்பையா. முருகையா எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.