ஆரோனின் உள்ளங்கை

கடற்கரைக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் ஆரோன் பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிறான். சேர்ந்த வாரம், கொதிக்கிற இரும்புச் சட்டியைத் துணி பிடித்துத் தூக்கினான். பெரிய செஃப் துணியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார்.

"கையில என்ன மருதாணியா வச்சிருக்க? வெறுங்கையில தூக்குடா."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்து, கடைசியில் உள்ளங்கை காய்த்துப்போனது. தன் கை நெருப்புக்கே பயப்படாது என்று ஆரோன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறதோ!

போன திங்கட்கிழமை காலை, அவன் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி லினெட் மகளை அழைத்து வந்தாள்.

"புள்ளைக்கு உடம்பு சுடுற மாதிரி இருக்குங்க. தொட்டுப் பாருங்களேன்."

அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல, ஸ்கூலுக்கு அனுப்பு," என்று சொல்லிவிட்டு ஓடினான். பத்து நிமிடம் தாமதமானாலும் செஃப் அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவார்.

மதியம் குழந்தை வகுப்பிலேயே மயங்கி விழுந்தது. ஆரோன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான்.

"நூத்திமூணு டிகிரி இருக்கு. காலையில யாரும் தொட்டுப் பாக்கலையா?" என்றார் நர்ஸ்.

லினெட் ஆரோனின் பக்கம் திரும்பினாள். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரோன் மகளின் நெற்றியில் மறுபடியும் உள்ளங்கையை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தான். அப்போதுதான் சுட்டது.