தமிழில் போகாத கடிதம்

மழை நாட்களில் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தாலே ஈரக் காகித வாடைதான் வரும். பதுளை டவுனில் ஒரு பழைய கட்டடம். அலுமாரி நிறைய காணி ஃபைல்கள், சுருட்டி வைத்த வரைபடங்கள்... அரசாங்கக் காணிகளைப் பார்க்கிற அந்த ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நானும் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அதனால் தோட்டத்து ஆட்கள் வந்தால் நேராக என் மேசைக்கே வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் செல்லம்மா அக்கா. ஸ்பிரிங்வெளிப் பக்கம் கொழுந்து எடுக்கிறவர். லயத்துக்குக் கீழே தரிசாகக் கிடந்த அரசாங்கக் காணியைப் புருஷனும் அவருமாகக் கொத்தித் திருத்தி, போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி போட்டிருந்தார்கள். புருஷன் இறந்த பிறகும் அவர் விடவில்லை. அந்தத் துண்டுக்குப் பேர்மிட் கேட்டு மனு கொடுத்திருந்தார்.

"பேருக்கு ஒரு துண்டு காணி இருந்தா போதும் மிஸ். எம்மக லயத்துல கெடக்க வேணாம்."

காணிக் கச்சேரிக்குத் திகதி வைத்தார்கள். யாருக்குக் காணி என்று நேரில் விசாரித்து முடிவு செய்கிற நாள் அது. அழைப்புக் கடிதங்கள் சிங்களத்தில் அடித்தாயிற்று. தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் எழுத வேண்டியது என் வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. ஊரில் திருவிழா... மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று கடிதக் கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் சிங்களக் கடிதங்கள் தபாலில் போய்விட்டன. அப்போதாவது தமிழில் எழுதி அனுப்பியிருக்கலாம். யாராவது வாசித்துச் சொல்லுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

கச்சேரி முடிந்த மறுநாள், நனைந்த சேலையோடு செல்லம்மா அக்கா வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"இதுல என்னா மிஸ் எழுதியிருக்கு? லயத்துல யாருக்கும் வெளங்கல."

வாசித்தேன்.

"அக்கா... உங்கள நேத்து வரச் சொல்லியிருக்காங்க."

"நேத்தா? நேத்து நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேனே..."

ஏசியிருந்தால் தேவலை. கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். வராதவர்களின் பெயரை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். மேல்முறையீடு ஒன்று எழுதிக் கொடுத்தேன், சரிவரவில்லை. காணி வேறு ஒருவருக்குப் போனது. தவறு என்னுடையது என்று மட்டும் நான் சொல்லவே இல்லை.

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்திருந்தது. பேத்தியைக் கையில் பிடித்திருந்தார். இன்னும் அதே லயம்தானாம்.

"இந்த மிஸ்தான்டி அன்னிக்கு எனக்காக மனு எழுதிக் குடுத்தாங்க. நம்ம சனத்துக்காக யாரு அப்பிடிச் செய்வா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் ஹார்ன் அடித்தது... ஏறிப் போய்விட்டார்.

இப்போது எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டரே இரண்டு பாஷையிலும் கடிதம் அடித்துக் கொடுக்கிறது. யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. இருந்தும் தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்தையும் நான் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

அவரிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்லம்மா அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை.