தவறாமல் தவறியவர்

சிலருக்குப் படிப்பால் பேர் கிடைக்கும், சிலருக்குப் பணத்தால். ஸ்டோர்காரருக்குக் கிடைத்தது எதையும் உருப்படியாக அடிக்கத் தெரியாத கையால். கோல்ஃப் மட்டை செய்யும் அந்தக் கம்பெனியில் திருகாணி, பசை, கைப்பிடி உறை என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஆனாலும் யாரும் அவரை ஸ்டோர்காரர் என்று கூப்பிட்டதில்லை. ‘ஓரஞ்சாரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பேரை வைத்தது பாலிஷ் பிரிவில் இருந்த அவருடைய சொந்த மைத்துனர். அந்த உரிமையை எந்த மைத்துனர் விட்டுக்கொடுப்பார்?

பேர் வந்த கதை இதுதான். மட்டைகளைச் சோதித்துப் பார்க்க ஆலைக்குப் பின்னால் ஒரு புல்வெளி உண்டு. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும், ஆசைப்பட்டவர்கள் ஆளுக்கு நாலு பந்து அடித்துப் பார்க்கலாம் என்று மேனேஜர் தாராளம் காட்டினார். ஸ்டோர்காரர் அடித்த பந்துகளில் ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் போனது. இன்னொன்று வரிசையாக நின்ற சைக்கிள்கள் மேல் விழுந்தது. மற்றொன்று எங்கும் போக மனமில்லாமல் காலடியிலேயே உருண்டது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவர் மட்டைகளை வடிவமைக்கும் டிசைனர் அம்மா ஒருத்தர்தான். அவர் மட்டையை வாங்கி அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பந்து பட்ட தடமெல்லாம் விளிம்பில் இருந்தது. நடு மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

“வேணும்னே இப்படி அடிக்கறீங்களா?”

“ஐயையோ, இல்ல மேடம். நேராத்தான் அடிக்கப் பாக்கறேன்.”

“அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து சாயங்காலம் என்கிட்ட வாங்க.”

திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே போனார். விழுந்தது திட்டு அல்ல, அதிர்ஷ்டம். டிசைனர் அம்மாவின் வேலையே, தப்பாகப் பட்ட அடியை மன்னிக்கிற மட்டை செய்வது. சாதாரண மட்டையில் பந்து ஓரத்தில் பட்டால் தண்டின் நுனியில் இருக்கும் தலை திருகிக்கொள்ளும், பந்து கண்ட பக்கம் பறக்கும். தலையின் நடுவில் இருக்கும் கனத்தை எடுத்து ஓரங்களுக்குத் தள்ளினால் அது அவ்வளவு லேசில் திருகாது. இரண்டு கையையும் அகல விரித்து நடக்கிறவனால் சட்டென்று திரும்ப முடியாதே, அந்த மாதிரி. ஆனால் இதைச் சோதிக்க ஆள் வேண்டுமே. நன்றாக ஆடுகிறவர்கள் நடுவில்தான் அடிக்கிறார்கள். இயந்திரம் சொன்ன இடத்தில் அடிக்கிறது. நன்றாக அடிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து முயன்று, அப்படியும் தவறுகிற ஒரு ஜீவன் வேண்டும். உலகத்தில் பந்தடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஜாதிதான். அவர்களுக்கெல்லாம் பிரதிநிதியாக ஸ்டோர்காரர் போய் நின்றார்.

அந்தச் சாயங்காலங்கள்! வெயில் தணிந்து புல் மணக்கும். மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடரைப் பூசி அவர் அடிப்பார். பந்து பட்ட இடத்தில் பவுடர் உதிர்ந்து வட்டமாகத் தடம் தெரியும். டிசைனர் அம்மா குனிந்து பார்த்து, “அடடா, பிரமாதம், விளிம்புலேயே பட்டிருக்கு” என்பார். பிறந்ததிலிருந்து ஸ்டோர்காரர் செய்த தப்பு எதையும் யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை. இரண்டு பேரும் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார்கள். பேச்செல்லாம் எந்தத் தலை திருகியது, எது தாங்கியது என்பதுதான். வீட்டுக்கு அவர் மிதந்துகொண்டே வருவார்.

“ஆணி அடிக்கச் சொன்னா விரல்ல அடிச்சுக்கற மனுஷனுக்கு இப்படி ஒரு உத்தியோகமா?” என்பாள் தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமலே அவர் மனைவி.

“எனக்கு மட்டும்தான் அது வருதாம். மேடமே சொல்லிட்டாங்க.”

“அதை நான் கல்யாணமான வாரமே சொன்னேன். அப்ப கோவம் வந்துச்சு.”

இப்படியே சில வருஷங்கள் ஓடின. எத்தனையோ தலைகள் அவர் கையால் அடிபட்டுத் திருத்தம் ஆயின. நாள் போகப் போக டிசைனர் அம்மா தடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஓரஞ்சாரம் அடித்தால் ஓரத்தில்தான் படும், அதில் என்ன சந்தேகம்? கம்ப்யூட்டர் திரையில் பந்து எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்ப்பார். முகத்தைத் துடைத்து மறுபடி பவுடர் பூசுவது ஸ்டோர்காரர் வேலை.

அப்போதுதான் புதிய தலை ஒன்று வந்தது. டிசைனர் அம்மா இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. அடித்த பந்தெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயின. திரைக்கு முன்னால் அவர் சின்னப் பெண் மாதிரி கை தட்டினார். “சாதிச்சுட்டோம். அடுத்த வாரம் மேனேஜ்மெண்ட்டுக்குக் காட்டிட்டு வார்ப்புக்கு அனுப்பிடலாம்.”

ஸ்டோர்காரர் கையில் இருந்த துணியைப் பார்த்தார், மட்டையின் முகத்தைப் பார்த்தார். தடம் நடுவில் இருந்தது. முந்தைய அடியும் நடுவில்தான், கவனிக்காமலே துடைத்திருக்கிறார். கொஞ்ச நாளாகவே அடிக்கும்போது, ஓரத்தில் பட்டால் கைக்கு ஏறுமே, அந்த அதிர்வு இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினம் தினம் அடித்ததில் பாழாய்ப்போன உடம்பு தானே கற்றுக்கொண்டுவிட்டது. மன்னிக்கத் தப்பே இல்லாதபோது, மட்டை மன்னித்தது என்று எப்படிச் சொல்வது?

துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தடம் போய்விடும். சொன்னால் நாளையிலிருந்து இந்தப் புல்வெளி இல்லை, டீ இல்லை, பிரமாதம் இல்லை. ஸ்டோரில் திருகாணி எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால், இந்த மட்டையை நம்பி வாங்குகிறவன் எவனோ எங்கோ நின்று ஓரத்தில் அடித்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பான். அவன் முழி எப்படி இருக்கும் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்? துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மட்டையை அப்படியே கொண்டுபோய்க் காட்டினார்.

டிசைனர் அம்மா பார்த்தார். இன்னொரு பந்தை அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எப்பலேர்ந்து?”

“தெரியல மேடம். வேணும்னா ஓரத்துல அடிக்கறேன்.” அடித்தும் காட்டினார். தடம் ஓரத்தில் விழுந்தது, அவர் நினைத்த இடத்திலேயே.

“இது நடிப்பு. கையை முன்னாலேயே இறுக்கிக்கறீங்க. தெரியாம தப்பறதுதான் எனக்கு வேணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நல்லா ஆட வந்துடுச்சு உங்களுக்கு. நான் சந்தோஷப்படணும். முடியல.”

அவருக்கும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, “வீட்ல ஒருத்தி இருக்கா மேடம். மட்டையைத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல” என்றார்.

மனைவி, ஊரார் தைக்கக் கொடுத்த துணிகளை ஓரம் கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். ஊசிக் காதில் ஒரே தடவையில் நூல் கோக்கிற கை அது. அந்தக் கை பந்தின் தலையைச் சீவியது, புல்லைச் சீவியது, காற்றையும் சீவியது. டிசைனர் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் பட்ட பந்து ஒன்றும் எழும்பவில்லை, புதிய தலையின் குட்டு உடைந்துவிட்டது. கனத்தைப் பக்கவாட்டில் தள்ளியவர், முகத்தின் கீழ் விளிம்பில் படும் அடியை யோசிக்கவே இல்லை. ஸ்டோர்காரர் தவறினதெல்லாம் பக்கவாட்டில். அவர் மனைவி தவறினதெல்லாம் கீழே. மேனேஜ்மெண்ட் கூட்டம் தள்ளிப்போனது. கனம் கீழே இறங்கியது, பின்னால் நகர்ந்தது, மறுபடி இறங்கியது. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் அடித்தாள். “அடடா, பிரமாதம்” என்ற குரல் ஸ்டோர் ஜன்னல் வரைக்கும் கேட்கும். கட்டின பெண்டாட்டியின் மேலேயே பொறாமைப்பட்டு எரிந்த ஆண்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருநாள் அவளே கேட்டாள். “என்னங்க, நடுவுல பட்டா கைக்கு எப்படி இருக்கும்?”

“ஒண்ணுமே படாத மாதிரி இருக்கும். சொல்லித் தரட்டுமா?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே ஆசைதான். “வேண்டாம். அப்பறம் உங்களை மாதிரி ஜன்னல் வழியா எட்டிப் பாக்கணும்.”

கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டு பேருக்கும் முட்டி வலி. சாயங்காலம் கோல்ஃப் மைதானத்து வேலியை ஒட்டிய பெஞ்சில் வந்து உட்காருவார்கள். போன வாரம் ஒரு கனத்த மனிதர் பக்கத்திலேயே வந்து நின்றார். கையில், அவள் அடித்துத் திருத்தின அந்த மட்டைதான். பேரன் பேத்தி எடுத்த வயது. ஆட்டம் புதிது என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. வீசினார். சத்தமே சொல்லிவிட்டது, கீழ் விளிம்பில் பட்டிருக்கிறது. ஆனால் பந்து எழும்பி, குட்டையைத் தாண்டி, அந்தப் பக்கப் புல்லில் சாதுவாகப் போய் உட்கார்ந்தது. மனிதர் முகம் மலர்ந்து கூட்டாளி பக்கம் திரும்பினார். “பாத்தியா? நட்ட நடுவுல அடிச்சேன்.”

“நடுவுலயா?” என்று அவள் எழுந்தே விட்டாள்.

ஸ்டோர்காரர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “சொல்லிடாத. அப்படியே நெனச்சுக்கட்டும். அதுக்குத்தானே நீ கத்துக்காமலே இருந்தே.”