பாப்பா கழுவிவிட்ட மணல்

பிறப்புப் பத்திரம் இல்லாத என் தங்கை பாப்பா, நாற்பத்திரண்டு வயதில்தான் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை வாங்கினாள். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவள், இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரியாக்கினாள். ரப்பர் தோட்டத்தை மூடி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தபோது நான் ஈப்போவுக்கு லாரி வேலைக்குப் போய்விட்டேன். அவள் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் மலையடியிலேயே ஒரு கன்றுக்குட்டியோடு தங்கி, அதைக் கொட்டகை நிறைய மாடாக்கினாள். எல்லாம் புருஷன் இறந்த பிறகு.

இவ்வளவும் செய்தவளுக்கு எதிலும் கூச்சம். எங்கே கைநாட்டு வைத்தாலும் விரல் மையை உடனே தேய்த்துக் கழுவிவிடுவாள். மாட்டு வாடை வரும் என்று, பால் ஊற்றப் போகுமுன் மறுபடி குளிப்பாள்.

கொட்டகைக்குக் கீழே ஒரு சிற்றாறு. மாட்டு மூத்திரமும் கழுவிய தண்ணீரும் வாய்க்காலில் ஓடிக் கரை மணலில் ஊறும். அங்கேதான் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் இறங்கும். கறுப்பு இறக்கை, பல் பல்லாகப் பச்சைப் பட்டை, கழுத்தில் சிவப்பு. விரித்தால் என் உள்ளங்கையைவிடப் பெரிது. வெயில் ஏறியதும் மணல் தெரியாமல் உட்கார்ந்து உறிஞ்சும்.

பழைய ரப்பர் தோட்டம் இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டம். லாரிப் பாதைக்காக அந்தக் கரையை மண் கொட்டி மூடப் போவதாகப் பேச்சு வந்தது. ஈப்போ பள்ளி ஆசிரியர் தீபன், காடு பார்க்க ஆட்களை அழைத்துவருபவர். தோட்ட மேலாளர் அப்பாவுவே பூச்சிகளை நேரில் பார்த்தால் பாதையை வேறு பக்கமாகப் போடச் சம்மதிப்பார் என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் தம் ஆட்களையும் கூட்டிவருவதாகச் சொன்னார்.

பாப்பா எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, படிச்சவங்கல்லாம் வாராங்க. மாட்டு மூத்திரத்துலயா கொண்டுபோய் நிக்க வைக்கிறது?"

அவர்கள் பூச்சியைத்தான் பார்க்க வருகிறார்கள் என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

ஞாயிறன்று நானும் போனேன். வாய்க்காலை வேறு பக்கம் வெட்டித் திருப்பியிருந்தாள். மணலைச் சுரண்டி எடுத்து, பினாயில் ஊற்றிக் கழுவி, பூச்சிகளுக்குத் தேன் இருக்கட்டும் என்று வரிசையாகச் செம்பருத்திச் சட்டிகள் வைத்திருந்தாள். ஒரு பூச்சிகூட இல்லை.

வெயில் ஏறியது. எல்லோரும் மணலைப் பார்த்து நின்றார்கள். "என்ன சார், அக்கா வூட்டு பூச்சட்டிய பாக்கவா கூப்டீங்க?" என்றார் அப்பாவு. "பினாயில் வாசம் மட்டும் நல்லா இருக்குலா," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, சிரிப்பு எழுந்தது. தீபன் முகம் சுருங்கிப்போனது.

பாப்பா மாட்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்படியே நின்றிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை. கரை போய்விடும், அவ்வளவுதான். ஆனால் அவள் வெளியே வந்தாள். தலை நிமிரவில்லை.

"நாந்தான் கழுவிட்டேன் சார். மாட்டுத் தண்ணி ஓடுற எடம் அது. அதுலதான் உக்காரும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தீபன் கோபப்படவில்லை. மணலுக்கு வருபவை ஆண் பூச்சிகள், தேடி வருவது தேனையல்ல, உப்பை, அது மூத்திரத்தில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னார். பெண் பூச்சி மர உச்சியிலேயே இருக்கும். காட்டுக்கொடி ஒன்றில் முட்டையிடும். புழு அந்த இலையைத்தான் தின்னும்.

பாப்பா அதற்குள் மண்வெட்டியை எடுத்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் வாய்க்காலைப் பழைய பக்கமே வெட்டினாள். சாணித் தண்ணீர் அவள் சாரோங்கிலும் முகத்திலும் தெறித்தது. முகம் சிவந்து, கண் கலங்கி, நிறுத்தாமல் வெட்டினாள். பக்கத்தில் போய்த் துடைத்துவிட எனக்குக் கை எழுந்தது, போகவில்லை.

அப்பாவு செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். "பூச்சி வந்தா ஆளனுப்புங்க அக்கா. அதுவரைக்கும் லாரி நிக்கட்டும்," என்றார்.

பினாயில் போக இரண்டு மழை வேண்டியிருந்தது. முதலில் ஒற்றைப் பூச்சி வந்தது. பிறகு மணல் கறுத்தது. அப்பாவு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

கரையை விட்டுவைக்கத் தோட்டக் கம்பெனியைக் கேட்கும் மனுவோடு தீபன் மறுபடி வந்தார். அங்கே குடியிருப்பவள் என்று முதல் பெயர் பாப்பாவுடையது. ஞாபகமாக மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "மை வேணாம் சார், பேனா குடுங்க," என்றாள். யாரிடம் எழுதப் பழகினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது 12 மார்ச் 2023.