துடைத்தால் போகிற மஞ்சள்

கொரட்டூரில் எங்கள் தெருக் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து, பலருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்த சமயம் அது. பள்ளிக்கூடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒன்பதாவது படிக்கும் என் மகளை அழைத்துப் போனேன்.

வரிசையில் வெயில் பட்டபோதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கழுத்து வரை மஞ்சள்! எல்லோரையும் முந்திக்கொண்டு அவளை இழுத்துப் போனேன்.

"சிஸ்டர், எம் பொண்ணுக்கு வந்துடுச்சு! மூஞ்சியப் பாருங்க!"

நர்ஸ் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ஈரப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது.

"சார், கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. இது பூசிக் குளிச்ச மஞ்சள்!"

வரிசையே சிரித்தது. "இன்னா நைனா, வெள்ளிக்கெழமைன்றதே மறந்துபூட்டியா?" என்றார் ஒருவர்.

"மானத்த வாங்கிட்டீங்கப்பா" என்றாள் மகள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அப்போது வரிசையில் நின்ற ஒரு தாய், தன் சிறுமியை ஆசையோடு முன்னால் நகர்த்தினாள்.

"இதுவும் மஞ்சளாத்தான் கீது. கொஞ்சம் தொடச்சிப் பாரும்மா."

நர்ஸ் புதுப் பஞ்சை எடுத்துத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

என் மகளின் ரத்தத்தில் குறையில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தச் சிறுமியும் மெல்லத் தேறினாள். ஆனாலும், "நல்லவேளை, நம்ம பொண்ணுக்கு இல்ல" என்று என் மனைவி சொன்னபோது, என்னால் தலையாட்ட முடியவில்லை.